நாலு இழை

அக்கா: இல்லடா, முதல்லேர்ந்து சொல்லு. அந்த எலக்ட்ரிகல் இன்ஸ்பெக்டர் கேட்டா நான் உளறிக் கொட்டிடுவேன்.

தம்பி: நீ ஒண்ணுமே உளற வேணாம். "ஈரக் கையோட அயர்ன் பாக்ஸைத் தொட்டுட்டா சார்." அவ்வளவுதான். அதுக்கு மேல வாயத் திறக்காத.

அக்கா: அப்போ பட்டன் மேலயே பழியப் போடச் சொல்றே.

தம்பி: பழி இல்லக்கா, நடந்ததுதான். துணிக்குத் தண்ணி தெளிச்சா, அதே கையோட பிடிச்சா, கரண்ட் தூக்கி அடிச்சிருச்சு.

அக்கா: எட்டு வருஷமா அப்படித்தான் தெளிக்கிறா. நம்ம தையல் கடைக்குப் பட்டன் தைக்க வந்தவ, அதுவே பேராயிடுச்சு... அவ புருஷனே "பட்டன் இருக்காளா"ன்னுதான் போன் பண்ணுவார்.

தம்பி: ஷ்ஷ்... வண்டிச் சத்தம்.

அக்கா: தண்ணி லாரிடா. உக்காரு. வாசலுக்கும் நாற்காலிக்கும் எத்தனை தடவைதான் நடப்பே?

தம்பி: பதினொரு மணிக்கு வரேன்னாரே...

அக்கா: பட்டனுக்கு வலது கை விரல் இன்னும் மடங்கலையாம். டாக்டர் குத்திப் பார்த்தா உறைக்கலையாம். ஊசி பிடிக்கிற கைடா அது.

தம்பி: சரியாயிடும்.

அக்கா: உனக்கு எப்படித் தெரியும்?

தம்பி: ...சரியாயிடும்னு ஒரு பேச்சுக்குச் சொல்றேன். இத பாரு, முக்கியமானது, அந்த ஃப்யூஸ் கம்பி விஷயம் வாயில வரவே கூடாது.

அக்கா: நான் நாலா முறுக்கிப் போட்டேனே, அதுவா?

தம்பி: மெதுவா!

அக்கா: யாரு கேக்கப் போறா? யூனிஃபார்ம் ஆர்டர் தலைக்கு மேல நின்னுச்சு. ரெண்டு அயர்ன் பாக்ஸையும் ஒண்ணாப் போட்டா ஃப்யூஸ் போயிடும். நூல் அறுந்துக்கிட்டே இருந்தா நாலு இழை சேர்த்து முறுக்கிப்போமே, அந்த மாதிரி கம்பியையும்...

தம்பி: தெரியும், தெரியும். நேத்தே அதக் கழட்டிட்டு ஒத்தை இழை போட்டுட்டேன். உன் முறுக்கு சாக்கடையில கிடக்கு.

அக்கா: அப்போ எல்லாம் என்னாலதானே?

தம்பி: ...அதான் நான் பாத்துக்கறேன்னு சொல்றேன்ல.

அக்கா: சொல்லுடா. என்னாலதானே?

தம்பி: கம்பி ஒத்தையா இருந்திருந்தா... ஃப்யூஸ் போயிருக்கும். விடேன்.

அக்கா: எப்படிப் போயிருக்கும்? எனக்குப் புரியற மாதிரி சொல்லு. கேள்வி கேட்டா திருதிருன்னு முழிக்கக் கூடாதுல்ல.

தம்பி: உனக்கு வோல்ட், ஆம்பியர் எல்லாம் இப்போ பாடம் எடுக்கணுமா?

அக்கா: பெரிய எலக்ட்ரீஷியன்! பொண்ணு பாக்கப் போன இடத்துல ஒரு மணி நேரம் இதத்தானே பேசினே. அக்காவுக்குச் சொல்ல வாய் வலிக்குதா?

தம்பி: சரி... உன் மிஷின்ல நூல் ஓடுதுல்ல? ஒரு நொடிக்கு எவ்வளவு நூல் ஓடுதோ அது கரண்ட். அதத்தான் ஆம்பியர்ல அளக்கறோம். நூலுக்குப் பதிலா அங்க சார்ஜ் ஓடுது.

அக்கா: இழுக்கறது?

தம்பி: இழுக்கற இழுப்பு வோல்ட். நம்ம லைன்ல இருநூத்தி முப்பது.

அக்கா: அப்போ டென்ஷன் திருகு, இறுக்கினா நூல் கஷ்டப்பட்டு வருமே...

தம்பி: அதான் ரெசிஸ்டன்ஸ்! ஓம்ல சொல்லுவோம். பரவாயில்லையே நீ! இழுப்பை இறுக்கத்தால வகுத்தா எவ்வளவு ஓடும்னு தெரிஞ்சுடும்.

அக்கா: அயர்ன் பாக்ஸ்ல ஆயிரம் வாட்னு போட்டிருக்கே?

தம்பி: அது பவர். வாட்டை வோல்ட்டால வகு. நாலே கால், நாலரை ஆம்பியர். உன் ஃப்யூஸ் அஞ்சு தாங்கும். ரெண்டு பாக்ஸ் போட்டா ஒன்பது கிட்ட வந்துடும். டப்புனு போயிடும். நாலு இழை போட்டா இருபது வரைக்கும் அசையாது.

அக்கா: ஆள் உடம்புக்கும் இறுக்கம் உண்டா?

தம்பி: ஏன் இல்லாம? காஞ்ச கைன்னா பல ஆயிரம் ஓம். ஈரக் கை, வெறுங்கால், நனைஞ்ச தரைன்னா ஆயிரத்துக்கு இறங்கிடும்.

அக்கா: இருநூத்தி முப்பதை ஆயிரத்தால வகுத்தா...

தம்பி: கால் ஆம்பியர் கூட வராது. ஆனா ஆளைக் கொல்ல அதுல அஞ்சுல ஒரு பங்கு போதும்.

அக்கா: கால் ஆம்பியர்.

தம்பி: ஆமா.

அக்கா: ஃப்யூஸ் போக அஞ்சுக்கு மேல வேணும்.

தம்பி: ஆ... ஆமா.

அக்கா: அப்போ ஒத்தை இழை இருந்திருந்தாலும் போயிருக்காது.

தம்பி: வாசல்ல ஏதோ சத்தம் கேட்டுச்சே...

அக்கா: என்னடா, வாசல்ல இப்போ வண்டி கூட இல்லையே, அங்க என்ன பாக்குறே?

தம்பி: அது... கணக்கு அப்படி நேரா வராதுக்கா... சில சமயம்...

அக்கா: போயிருக்குமா, போயிருக்காதா?

தம்பி: போயிருக்காது. ஃப்யூஸ் இருக்கறது வயர் எரியாமக் காப்பாத்தத்தான். ஆளைக் காப்பாத்த இல்ல.

அக்கா: ஆளைக் காப்பாத்தறது எது?

தம்பி: தண்ணி இருக்கா?

அக்கா: எதுடா?

தம்பி: எர்த்து.

அக்கா: ப்ளக்குல மூணாவதா பெரிசா நிக்குமே, அந்தப் பின்னா?

தம்பி: ம்... அயர்ன் பாக்ஸுக்குள்ள லைன் வயர் தோல் உரிஞ்சு இரும்பைத் தொட்டாலும், அது வழியா அத்தனையும் மண்ணுக்குப் போயிடும். அந்தப் பாதையில ஒரு ஓம் கூட இருக்காது. இருநூறு ஆம்பியருக்கு மேல பாயும். உன் நாலு இழையும் அந்த நொடியே வெடிச்சுப் போயிருக்கும். அவ கைக்கு... ஒண்ணுமே ஆகியிருக்காது.

அக்கா: நம்ம பிளக் போர்டுல அந்த மூணாவது ஓட்டைக்குப் பின்னாடி என்ன இருக்கு?

தம்பி: அக்கா...

அக்கா: சொல்லு.

தம்பி: ஒண்ணும் இல்ல.

அக்கா: ஒண்ணும் இல்லைன்னா?

தம்பி: இந்தப் புதுக் கடைக்கு மாறினப்போ நான்தானே வயரிங் பண்ணேன், எர்த்துக்குப் பச்சை வயர் பத்தல. மண்ணுல கம்பி இறக்கவும் நேரமில்ல. மறுநாள் கடை திறக்கணும்னு நீ நின்னே. அடுத்த வாரம் வந்து போடறேன்னு மூடி வெச்சேன். அப்புறம்... மறந்தே போச்சு. மூணு வருஷம். லைட் எரிஞ்சுது, மிஷின் ஓடுச்சு, எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு... லைசென்ஸ் போயிடும்கா. ஜெயில்ல கூட வைப்பாங்க. அவர் வர்றதுக்குள்ள ஒரு வயரைச் சொருகிடலாம், நீ மட்டும் அந்த ஈரக் கைய...

அக்கா: ரெண்டு நாளா நான் சோறு தின்னல. அவ கையக் கெடுத்த பாவி நானேன்னு அழுதேன். நீ பக்கத்துல உக்காந்து என் முதுகத் தடவிக் குடுத்தே.

தம்பி: பயந்துட்டேன்கா. உன்மேல உனக்கே சந்தேகம் இருக்கற வரைக்கும் நீ வாயத் திறக்க மாட்டேன்னு... தப்புதான். கால்ல வேணா விழறேன். ஆனா அவர் வர நேரமாச்சு...

அக்கா: அவர் வாசல் வழியா வர மாட்டார்டா. ஒன்பது மணிக்கே வந்து, போர்டைத் திறந்து பாத்துட்டு, பின்னாடி கட்டிங் ரூம்ல உக்காந்திருக்கார். என் தம்பி அவனாவே சொல்லுவான் சார், கொஞ்ச நேரம் குடுங்கன்னு நான்தான் கெஞ்சினேன். நாலு இழை போட்டது நான்னு எழுதிக் கையெழுத்தும் போட்டாச்சு. அதுக்குக் கீழ உனக்கு இடம் விட்டு வெச்சிருக்கார்.