வீட்டுக்காரர் எங்கே?

— அந்த பாங்க் அதிகாரி கேட்டது இதுதான்: "உங்க வீட்டுக்காரர் எங்கம்மா?" நான் சொன்னது இதுதான்: "மாடியில இருக்கார் சார். காலையிலேருந்து சாப்பிடலை, கொஞ்சம் மெதுவா பேசுங்க." இதுல என் தப்பு என்ன?

— டெய்லரம்மா, நீங்க சொன்னது வீட்டுச் சொந்தக்காரனான என்னை. அவர் எழுதிக்கிட்டது உங்க புருஷனை. பாங்க்ல குடுத்த இந்தத் தாளைப் பாருங்க. 'கீழ்த்தளம்: தையல்காரர், வாடகைக்கு. கணவர் மாடியில்.'

— அய்யய்யோ! அதான் போகும்போது, "கோபம் இருந்தாலும் சாப்பாட்டை மேல அனுப்பிடுங்கம்மா"ன்னு சொல்லிட்டுப் போனாரா!

— சிரிக்காதீங்க. வீடு ஏலத்துக்குப் போகுது.

— சிரிக்காம என்ன செய்ய? வாசல் கேட்டுல பாங்க் ஏல நோட்டீஸை ஒட்டினதிலேருந்து ஒரு புதுத் துணியை வெட்டலை. மூணு மிஷினையும் தூக்கிக்கிட்டு நான் எங்க போவேன்?

— எங்கயும் போக வேண்டாம். அதைச் சொல்லத்தான் இறங்கி வந்தேன். வக்கீலைப் பார்த்தேன். நான் வீட்டை அடமானம் வெக்கறதுக்கு முன்னாடியே உங்க வாடகை ஒப்பந்தம் பதிவாயிடுச்சு. இன்னும் மூணு வருஷம் பாக்கி. அதுவரைக்கும் பாங்கும் சரி, ஏலத்துல எடுக்கறவரும் சரி, உங்களைக் காலி பண்ணச் சொல்ல முடியாது. வாடகையை மட்டும் புது ஆள்கிட்ட குடுக்கணும். எழுத்துலயே வாங்கிட்டு வந்திருக்கேன். இந்தாங்க.

— இருங்க, உக்காந்துக்கறேன்... அப்ப உங்களுக்கு?

— எனக்கு ஏது ஒப்பந்தம்? மாசக் கடைசியில மாடியைக் காலி பண்ணணும். சிநேகிதன் ஒருத்தன் அவன் அச்சாபீஸ் பின்னாடி ஒரு ரூம் தர்றான். பேசி முடிச்சாச்சு.

— நல்ல ஆளுங்க நீங்க! போறது உங்க வீடு. வக்கீல்கிட்ட போய் குடித்தனக்காரிக்கு வழி கேட்டிருக்கீங்க.

— அடமானம் வெச்சு அச்சு மிஷின் வாங்கினது என் முட்டாள்தனம். அதுக்கு நீங்க ஏன் தெருவுல நிக்கணும்? சரி, காலையில பாங்குக்குப் போய் அந்தக் கணவரை அடிக்கச் சொல்லிடறேன்.

— பாவம், யாரை அடிக்கப் போறாங்க?

— அந்த வரியை அம்மா!

— அது கிடக்கட்டும். குழாயைப் பத்திக் கேக்கலையா?

— என்ன குழாய்?

— ஆறு வருஷமா மாசா மாசம் இந்த வாசல்ல நின்னு, "டெய்லரம்மா, ஒண்ணு கேக்கணும்"பீங்க. என்னன்னா, "குழாய் ஒழுகுதா?"ம்பீங்க. அது ஒரு நாளும் ஒழுகினதில்ல. என் பொண்ணு மாமியார் வீட்டுலேருந்து போன் பண்ணி, "மாடி மாமா இந்த மாசமாவது வாயைத் திறந்தாரா?"ன்னு கேக்கறா.

— அவளுக்குமா தெரியும்!

— பால்காரருக்கே தெரியும். ஏன் கேக்கலை?

— நீங்க உங்க புருஷனை இழந்துட்டு, வயசுப் பொண்ணைக் கூட்டிக்கிட்டு வந்தீங்க. நான் வீட்டுக்குச் சொந்தக்காரன். முடியாதுன்னா காலி பண்ணச் சொல்லிடுவானோன்னு பயந்து நீங்க சரின்னுட்டா? அப்படி வர்ற சரி எனக்கு வேண்டாம்.

— இப்ப?

— இப்பக் கேட்டா, போக்கிடம் இல்லாம கேக்கறான்னு ஆயிடும்.

— அதான் ரூம் பேசி முடிச்சாச்சே! இங்க பாருங்க, மூணு வருஷத்துக்கு என்னை யாராலயும் அசைக்க முடியாது. உங்களாலயும்தான். பிடிக்கலைன்னா, போய்யான்னு சொல்லிட்டுக் கதவைச் சாத்திப்பேன். எனக்கு ஒரு பயமும் இல்ல. கேக்கறதுன்னா இன்னிக்குக் கேளுங்க.

— டெய்லரம்மா...

— சொல்லுங்க. ஊசியைக் கூட கீழ வெச்சுட்டேன்.

— என்னைக் கல்யாணம் பண்ணிக்கறீங்களா?