பொண்ணுங்க தள்ளின வேன்

"பாட்டு கேக்க ஆசப்பட்டு, பொண்ணுங்கள வேன் தள்ள வச்சிட்டேண்ணே."

கிள்ளான் போகிற பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த இளைஞன்தான் சொன்னான். எஸ்டேட்டுப் பெண்களை ஃபேக்டரிக்கு ஏற்றிப் போகும் வேன் டிரைவர். மடியில், துண்டில் சுற்றிய ஆம்ப்ளிஃபையர்.

அவன் பக்கத்தில் இருந்த நடுவயதுக்காரர் கேட்டார்: "வேன்ல இதுக்கு கரண்ட எங்கேருந்து எடுத்த, தம்பி?"

"நேரா பேட்டரியிலேருந்து."

"அப்ப சாவிய எடுத்தாலும் இது நிக்காதுலா. ராத்திரி பூரா பேட்டரிய குடிச்சிருக்கும்."

"ஆமாண்ணே. விடிகாலையில ஸ்டார்ட்டே ஆவல. லயத்து வீட்டு வாசல்லேருந்து மெயின் ரோடு வரைக்கும் தள்ளினாங்க. யூனிஃபார்ம் பூரா செம்மண்ணு. ஃபேக்டரியில லேட்டுன்னு ஏச்சு வேற. அதான் இத கழட்டி, வாங்கின கடையிலயே திருப்பிக் குடுக்கப் போறேன்."

"பொண்ணுங்க திட்டினாங்களா?"

"திட்டியிருந்தா மனசு ஆறியிருக்கும்ணே. 'மெஷின் சத்தத்துல நாள் பூரா காது அடச்சிப் போவுது. இந்த வேன்லதான் பாட்டு கேக்குறோம். நாளைக்கும் தள்ளுறோம், கழட்டிடாதீங்கண்ணே'ங்கிறாங்க."

நடுவயதுக்காரர் துண்டை விலக்கி, தொங்கிய வயரைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"கடைக்குப் போவேணாம். என் கூட எறங்கு, உன் வேனுக்கே திரும்பிப் போவோம். சாவியோட சேத்து மாட்டித் தர்றேன், சாவிய எடுத்தா இதுவும் நின்னுடும்."