சான்றுப் பொருள்: மேல்வரிசை முன்பல் ஒன்று

என் பெயர் இதன் முகப்புத் தாளில் எழுதப்பட்டுள்ளது. அப்பெயரால் என்னை அழைப்பவர் வருகைப் பதிவேடு எழுதுபவர் ஒருவர்தான், மற்றவர்களுக்கு நான் மேடையக்கா. அகவை நாற்பத்தொன்று. பணியாளர் குடியிருப்பு, மூன்றாம் கட்டடம், இரண்டாம் மாடி, பதினான்காம் எண் வீட்டில் என் தங்கையுடன் வசித்து வருகிறேன். அட்டைப் பெட்டித் தொழிற்சாலையின் சிப்பமிடும் கூடத்தில் பதினேழு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். தொழிலாளர் சங்கத்தின் சார்பில் வாயிற்கூட்டங்களில் பேசுபவளும் நானே.

என்மீது தரப்பட்டுள்ள புகாரைக் காவல் நிலைய எழுத்தர் இருமுறை படித்துக் காட்டினார். பூட்டிய அலமாரியை உடைத்தது, முத்திரையிட்ட சான்றுப் பொருளைத் திருடியது, பாதுகாப்பு அலுவலரைத் தள்ளி வீழ்த்தியது எனக் குற்றங்கள் மூன்று. முதலிரண்டையும் செய்தேன். மூன்றாவதைச் செய்யவில்லை.

கடந்த செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு, என் தங்கை, அகவை இருபத்தாறு, எனக்கு எதிர்வரிசையில் நின்று பெட்டிகளுக்கு நெகிழிப் பட்டை இறுக்கிக்கொண்டிருந்தாள். கூடத்தில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். பொழுதெல்லாம் பேச்சும் சிரிப்புமாக இருப்பாள். பட்டையை இறுக்கும் கைக்கருவியின் பிடிப்பு தேய்ந்துபோனதை இரண்டு வாரங்களுக்கு முன்பே எழுதிக் கொடுத்திருந்தோம், மாற்றித் தரவில்லை. அன்று அந்தப் பிடிப்பு நழுவி, கைப்பிடி விசையோடு திரும்பி அவள் வாயில் அடித்தது. பேசிக்கொண்டிருந்தவள் பாதிச் சொல்லில் நின்றாள். அதைத்தான் நான் முதலில் உணர்ந்தேன்; அடி விழுந்த ஓசை காதில் ஏறியது அதற்குப் பிறகே.

அதன் பின்னர் மேல்வரிசையின் வலப்பக்க முன்பல் ஒன்று வேரோடு கழன்று, பெட்டிகள் நகரும் பட்டைக்கு அடியில் போய் விழுந்தது. துப்புரவுப் பணி செய்யும் அம்மா தரையோடு படுத்துத் தேடி, “இங்க கெடக்குடி, முழுசா இருக்கு, உடையல” என்று கூவினார். அவர் கையை நீட்டியபோது பாதுகாப்பு அலுவலர் ஓடிவந்து, “யாரும் தொடாதீங்க” என்றார். கையுறை அணிந்தார். பல்லைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டார். மூன்று கோணங்களில் படம் எடுத்தார். அதன் பின்னர் பல்லை வேர்ப்பக்கமாகப் பிடித்துத் தூக்கி, உறையில் கறை படியக்கூடாது என்று சொல்லித் தாளால் வேரை நன்றாகத் தேய்த்துத் துடைத்தார். உறையில் இட்டு ஒட்டி, அரக்கு வைத்து, எண் எழுதித் தம் அறையின் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினார். அவர் துடைத்தபோது நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். நானும் நின்றேன். அதையும் எழுதிக்கொள்ள வேண்டுகிறேன். வேரைத் துடைக்கக்கூடாது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அதன் பின்னர் தங்கையை முதலுதவி அறைக்கு அழைத்துச் சென்றேன். அங்கிருந்த உதவியாளர் பஞ்சைச் சுருட்டிக் கொடுத்துக் கடித்துக்கொள்ளச் சொல்லி, “போன பல்லு போனதுதான், வேற கட்டிக்கலாம், அழாத” என்றார். தங்கை அழவில்லை. கையால் வாயை மூடியிருந்தாள். வாயை மூடும் வழக்கம் பிறந்தது முதல் அவளுக்கு இல்லை. பத்து மணி இருபத்தைந்துக்கு, சுவரில் ஒட்டியிருந்த பட்டியலில் பல் மருத்துவமனையின் எண்ணைப் பார்த்து அழைத்தேன். பேசியவர் அங்குள்ள செவிலியர்.

“விழுந்து எவ்வளவு நேரம் ஆச்சும்மா?”

“கால் மணி நேரம்.”

“அப்ப நேரம் இருக்கு. பல்லு இப்ப எங்க?”

“உறையில போட்டு அரக்கு வெச்சு அலமாரியில பூட்டியிருக்காங்க.”

“ஏம்மா, பல்லு என்ன கொலையா பண்ணுச்சு? மொதல்ல அத வெளிய எடுங்க. மேல்பக்கத்த மட்டும் பிடிங்க, வேரத் தொடாதீங்க, தேய்க்காதீங்க. சூடு பண்ணாத பாக்கெட் பால்ல போட்டு, ஒரு மணி நேரத்துக்குள்ள இங்க வந்துருங்க. டாக்டர் திருப்பி அதே எடத்துல வெச்சுருவாங்க. காயவிட்டா போச்சு. ஒவ்வொரு நிமிஷமும் போச்சு.”

அதன் பின்னர் உணவுக்கூடத்துக்கு ஓடினேன். சமையல்காரர் விவரம் கேட்காமலே குளிர்பெட்டியிலிருந்து பாக்கெட்டை எடுத்துக் கிழித்து எவர்சில்வர் குவளையில் ஊற்றித் தந்தார். அக்குவளையோடு பாதுகாப்பு அலுவலரின் அறைக்குள் நுழைந்தேன். அங்கே கிடங்கு எழுத்தரும் அமர்ந்திருந்தார்.

“சார், அந்தப் பல்ல எடுங்க. பால்ல போடணும்.”

“எதுல போடணும்?”

“பால்ல.”

“சர்க்கரை போட்டா, போடாமலா?” என்று கேட்டுக் கிடங்கு எழுத்தர் சிரித்தார். அவர் இவ்வழக்கில் சாட்சி என அறிகிறேன். அச்சிரிப்பையும் அவர் சாட்சியத்தில் சேர்க்க வேண்டும்.

செவிலியர் சொன்னவற்றை அவர் சொன்னபடியே திரும்பச் சொன்னேன். பாதுகாப்பு அலுவலர், “அக்கா, முத்திரை வெச்சாச்சு. மேலாளர் பன்னிரண்டு மணிக்கு வருவார். ரெண்டு பேர் கையெழுத்துப் போடாம திறக்க முடியாது” என்றார்.

“அது என் தங்கச்சி பல்லு சார்.”

“வாயில இருந்த வரைக்கும் உங்க தங்கச்சி பல்லு. இப்ப அது சான்றுப் பொருள். இந்த விதிய யாரு வாங்கிக் குடுத்தது? வாசல்ல நின்னு நீங்கதானே முழங்கினீங்க?”

இது உண்மை. சென்ற ஆண்டு எங்கள் கூடத்தில் ஒருவரின் விரல்களை எந்திரம் நசுக்கியபோது, உடைந்த எந்திரப் பகுதி அன்று மாலைக்குள் மாயமாயிற்று. பழி அவர் கவனக்குறைவின்மேல் விழுந்தது. அதன் பின்னர் பதினோரு நாட்கள் நான் வாயிலில் நின்று பேசினேன். விபத்து நேர்ந்த இடத்தில் கிடக்கும் துரும்பையும் தொடாதே, உறையிலிட்டு முத்திரையிடு, இருவர் ஒப்பமின்றித் திறக்காதே என்று அன்று நான் கேட்டவை எழுத்து மாறாமல் விதியாயின. தொழிலாளியைக் காக்க நான் வடித்த சொற்களை அலுவலர் என் முகத்துக்கு நேரே ஒப்பித்தார். ஒரு சொல்லும் பிழையில்லை. சுவர்க் கடிகாரத்தில் பத்து முப்பத்தெட்டு.

அதன் பின்னர் ஒன்று கேட்டேன். “சரி சார். அடிச்ச கைக்கருவி எங்க? அதுக்கும் அரக்கு வெச்சிருக்கீங்களா?”

அலுவலர் கிடங்கு எழுத்தரைப் பார்த்தார். கிடங்கு எழுத்தர் மேசையைப் பார்த்தார். “அது பழுது பாக்கப் போயிருக்கு” என்றார் அலுவலர்.

“எப்ப போச்சு?”

“அப்பவே.”

பிடிப்புத் தேய்ந்த கருவி, குற்றம் முழுவதையும் தன் உடம்பில் சுமந்த கருவி, எண்ணெய் போடவும் புதுப் பிடிப்பு மாட்டவும் போய்விட்டது. அடிபட்டவளின் பல் பூட்டுக்குள் காய்ந்துகொண்டிருந்தது. விதி என்பது வலியவனின் பையிலும் நுழையும், மெலியவளின் கழுத்திலும் விழும் என்று நான் நூறு மேடைகளில் பேசியிருக்கிறேன். அன்றுதான் அதன் பொருள் எனக்கே விளங்கிற்று. மேடைப்பேச்சு வேண்டாம் என்று ஆய்வாளர் சொல்வதால் இதோடு நிறுத்துகிறேன்.

அதன் பின்னர் குவளையை மேசைமேல் வைத்தேன். அறைக்கு வெளியே தீ எச்சரிக்கைப் பெட்டியின் அருகில் சிறு சுத்தியல் ஒன்று தொங்கியது. அதன்மேல் ‘அவசரத்துக்கு மட்டும்’ என்று எழுதியிருந்தது. படித்தேன். எடுத்தேன். உள்ளே வந்து அலமாரிக் கண்ணாடியை ஒரே அடியில் உடைத்தேன். பாதுகாப்பு அலுவலர் தாமாகவே பின்வாங்கி நாற்காலியில் இடறி விழுந்தார். என் கை அவர்மேல் படவில்லை. படவேண்டும் என்று எண்ணியிருந்தால் பட்டிருக்கும். இவ்விடத்தில் நிலைய எழுத்தர் ‘ஆத்திரத்தில் உடைத்தேன்’ என்று எழுதினார். ஆத்திரம் இருந்தது. ஆயினும் அச்சொல்லை அடித்துவிட்டு ‘அறிந்தே உடைத்தேன்’ என்று எழுதச் சொன்னேன்.

உறையைக் கிழித்து, பல்லின் மேல்பக்கத்தைப் பிடித்துப் பாலில் இட்டேன். அப்போது பத்து நாற்பத்திரண்டு. பல் வெளுத்து உலர்ந்து, எங்கோ தெருவில் கிடந்த கல்லைப் போல் இருந்தது. அது உலர்ந்து கிடந்தது முப்பத்திரண்டு நிமிடம். முதல் பதினைந்து என் அறியாமையால் போனவை. அவற்றுக்கு நான் பொறுப்பு. மீதிக்குப் பொறுப்பானவர் இவ்வழக்கில் புகார்தாரராக இருக்கிறார்.

அதன் பின்னர் சரக்கேற்றக் காத்திருந்த லாரியின் ஓட்டுநர் எங்களை ஏற்றிக்கொண்டார். வாயிற்காவலர் குவளையை எட்டிப் பார்த்து, “பொருள் வெளிய போகணும்னா சீட்டு வேணுமே அக்கா” என்றார். ஓட்டுநர், “அண்ணே, சாயங்காலம் என் பல்லையும் சேர்த்து எழுதித் தரேன், இப்ப கதவத் திற” என்றார். திறந்தார். வழி நெடுகத் தங்கை குவளையின் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

பதினொன்று இரண்டுக்கு மருத்துவமனையை அடைந்தோம். செவிலியர் வாசலிலேயே நின்றிருந்தார். மருத்துவர் அம்மையார் பல்லை விளக்கின்கீழ் திருப்பிப் பார்த்து, “வேர யாரு துடைச்சது?” என்று மட்டும் கேட்டார். சொன்னேன். உதட்டைக் கடித்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார். மரத்துப்போக ஊசி போட்டு, குழியைக் கழுவி, பல்லை அதே இடத்தில் அழுத்திப் பொருத்தி, இருபுறப் பற்களோடு மெல்லிய கம்பியால் கட்டினார். அதன் பின்னர் என்னை வெளியே அழைத்து, விழுந்த உடனே துடைக்காமல் பாலில் இட்டிருந்தால் துணிந்து உறுதி சொல்லியிருப்பேன், இப்போது சில ஆண்டுகள் நிற்கலாம், அதற்கு முன்பே வேர் கரைந்தும் போகலாம், மாதந்தோறும் பார்க்க வேண்டும் என்றார். இதைத் தங்கையிடம் நான் இன்னும் சொல்லவில்லை. கம்பியை அவிழ்த்ததும் சிரிக்கலாமா என்று அவள் தாளில் எழுதிக் கேட்டாள். சிரிக்கலாம் என்று எழுதிக் கொடுத்தேன்.

தொழிற்சாலையின் பழுதுபார்க்கும் கூடத்தில் உள்ள பட்டை இறுக்கும் கைக்கருவியை, அதற்குப் புதுப் பிடிப்பு மாட்டப்பட்டிருந்தாலும், இன்றே கைப்பற்ற வேண்டுகிறேன். கழற்றிய பழைய பிடிப்பைக் குப்பைத் தொட்டியிலிருந்து துப்புரவுப் பணி அம்மா எடுத்துத் தம் சோற்றுப் பெட்டியில் வைத்திருக்கிறார். அவர் அதைத் துடைக்கவில்லை.

திருடிய பொருளை ஒப்படைக்குமாறு புகாரில் கேட்கப்பட்டுள்ளது. அப்பொருள் என் தங்கையின் மேல்தாடையில், வலப்பக்க முன்பல்லின் இடத்தில், கம்பியால் கட்டப்பட்டு இருக்கிறது. அதை நான் எடுத்துத் தர இயலாது. கம்பி அவிழ்ந்த பிறகு நீதிமன்றம் அழைக்கும் நாளில் அவளே கொண்டுவருவாள். கூண்டில் ஏறி, அந்தக் கைக்கருவி தன்னை எப்படி அடித்தது என்று வாய் திறந்து சொல்வாள். அப்போது அதை எல்லோரும் பார்த்துக்கொள்ளலாம்.

நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட இதனைப் படிக்கக் கேட்டேன். ஒரு சொல் அடித்துத் திருத்தப்பட்டது, திருத்தம் என்னுடையது. எஞ்சிய சொற்களும் என்னுடையவையே, யாவும் உண்மை, எதையும் திரும்பப் பெறமாட்டேன் என உறுதி கூறி ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)
மேடையக்கா எனப்படும் வாக்குமூலம் அளித்தவர்