ஒட்டிய மீனுக்குக் கண் வேண்டாம்

இந்தத் தே தாரிக் தேநீரில் சீனி கொஞ்சம் தூக்கல், இன்ஸ்பெக்டர். பரவாயில்லை, குடித்துவிட்டேன். நீங்கள் மரியாதையாகக் கேட்கிறீர்கள், நானும் மறைக்காமல் சொல்கிறேன்.

என் பெயர் யமுனா. ஒரு கல்லூரியின் மீன் ஆய்வுக்கூடத்தில் பதினான்கு வருடமாக வேலை. ஆழ்கடல் மீன்களைக் கண்ணாடிச் சாடிகளில் மருந்துநீரில் போட்டுக் காப்பது என் பொறுப்பு. அங்கே ஒரு தூண்டில்மீன் இருக்கிறது. பெண், என் உள்ளங்கை அகலம். அதன் வயிற்றில் மரு மாதிரி ஒன்று தொங்கும். பார்க்கிறவர்கள் கட்டி என்பார்கள். அதுதான் அதன் புருஷன்.

ஆயிரம் மீட்டருக்குக் கீழே வெயில் எட்டாது. அந்த இருட்டில் ஆணுக்கு ஒரு பெண் அகப்படுவது குதிரைக்கொம்பு. அதனால் ஆணுக்குப் பெரிய கண், பெரிய மூக்கு. வாசனை பிடித்து வந்து அவளைக் கடிக்கும். பிறகு விடாது. தோலோடு தோல் ஒட்டி ரத்தமும் ஒன்றாகிவிடும். இனித் தேட வேண்டியதில்லை, கண் சுருங்கிப்போகும். குடலும் அப்படியே. மிச்சம் இருப்பது விந்துப்பைதான். அந்நிய உடம்பு ஒட்டினால் எந்த உடம்பும் தள்ளிவிடும். இவளோ அந்தச் சக்தியையே விட்டுக்கொடுத்தவள். அதை நினைத்து நான் பலமுறை நெகிழ்ந்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் காசிவிஸ்வநாதன் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இன்ஜினியர். வீடு டத்தோ கிராமாட்டில். பிள்ளை இல்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒருநாள், கோலாலம்பூரில் வேலை கிடைத்திருக்கிறது, தனியாகப் போகிறேன், இனி நமக்குள் ஒத்துவராது என்றார். நான் சண்டை போடவில்லை. சோறு போட்டேன்.

அதே மாதம் டாக்டர் அவருக்குக் கண்ணுக்குள் அழுத்தம் என்றார். காலையும் மாலையும் சொட்டு மருந்து விட வேண்டும், விடாவிட்டால் வலிக்காமலே பார்வை போய்விடும் என்றார். கண் சரியாகட்டும் என்று இவர் பயணத்தைத் தள்ளிப்போட்டார். தானே விட்டுக்கொண்டால் இமை மூடிக்கொள்ளும். அதனால் நான்தான் விடுவேன்.

புட்டியைக் காலி செய்து, கண் கழுவும் உப்புநீரை நிரப்பினேன். டாக்டர் மருந்தை மாற்றி மாற்றி எழுதினார். ஒவ்வொரு புதுப் புட்டியிலும் அதே நீர்தான். ஒரு வேளைகூட நான் தவறவிட்டதில்லை. ஒருமுறை அவர், "முன்ன மாதிரி தொண்டையில கசக்கலையே, யமுனா" என்றார்.

"கம்பெனி மாத்திட்டாங்க லா" என்றேன். நம்பினார்.

வெள்ளி ரதத்துக்கு முன்னால் வருஷா வருஷம் நூற்றெட்டுத் தேங்காய் உடைப்பவர் அவர். இந்தத் தைப்பூசத்தில், ரோடெல்லாம் சிரட்டைச் சில்லு சிதறிக் கிடக்க, வெறுங்காலோடு நடுவில் நின்றுவிட்டார். ஓர் அடி எடுத்துவைக்க முடியவில்லை. கையை நீட்டித் துழாவி என் தோளைப் பிடித்தார். கல்யாணமான பதினோரு வருடத்தில் அவர் என்னை அப்படிப் பிடித்ததே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான்.

தவறு என்னுடையது. போன வாரம் இரண்டு நாள் லங்காவியில் பயிற்சி. புட்டியில் எவ்வளவு மீதம் என்று பார்க்காமல் கிளம்பிவிட்டேன். சாடியில் நீர் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் வேலையின் முதல் பாடம். மருந்து தீர்ந்துபோக, எதிர்வீட்டுப் பெண் நோர்மா, கிளினிக்கில் புதுப் புட்டி வாங்கி வந்து அவருக்கு விட்டிருக்கிறார். தொண்டையில் கசந்திருக்கிறது. இத்தனை நாள் நான் விட்டது மருந்தே இல்லை என்று அவருக்கு அப்போதே புரிந்துவிட்டது. நோர்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நேராக உங்களிடம் வந்துவிட்டார்.

ஆமாம், அவர் கண்ணைப் போக்கியது நான்தான். தெரிந்தே, கிட்டத்தட்ட மூன்று வருடம். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் அடுத்த அறையில்தான் இருக்கிறார், இல்லையா? நான் உள்ளே வந்தபோது என் குரல் கேட்டு, "அவ வந்துட்டா, என்னைத் தள்ளி உக்கார வைங்க" என்று யாரிடமோ சொன்னார். நாற்காலி சுவரில் முட்டும்வரை இழுபடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. பாவம், நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று தெரியாமல் தேடியிருக்கிறார். மணி ஏழாகப்போகிறது, இன்ஸ்பெக்டர். அந்தக் கதவைக் கொஞ்சம் திறங்கள். அவருக்கு மருந்து விடுகிற நேரம்.