கூண்டுக்கு வெளியே பிள்ளையார்

விம்பிள்டன் போகும் டிராமில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள்.

"பிள்ளையார் கூண்டுக்கு வெளியில இருக்கிறார். அதுதான் இப்ப வீட்டில பிரச்சினை," என்றாள் சிவப்புக் கோட்டுக்காரி.

"என்ன கூண்டு?" என்றாள் தோழி.

"என்ர மனுசன் ஜீப்புக்குள்ள இரும்புக் குழாயில கூண்டு அடிச்சிருக்கிறார். மலைச் சேத்துக்குள்ள ஓடேக்க உருண்டாலும் தலை தப்புமாம்."

"உருளுறதெண்டு முடிவே எடுத்திட்டாரோ?"

"வாற ஞாயிற்றுக்கிழமைதான் முதல் ஓட்டம். அதுக்கு நேற்றே கோயிலில பூசை செய்தம். சில்லுக்கு எலுமிச்சம்பழம் வைச்ச ஐயர் உள்ள எட்டிப் பார்த்திட்டு, 'முன்கண்ணாடியடியில இருக்கிற பிள்ளையார் கம்பிக்கு வெளியில எல்லோ இருக்கிறார், உருண்டால் அவற்ற கதி?' எண்டு கேட்டுப்போட்டார்."

ஐயர் கேட்டதில் பிழையில்லை என்றுதான் எனக்கும் பட்டது.

"பிறகு?"

"சனிக்கிழமை பிள்ளையாருக்கெண்டு இன்னொரு கம்பி ஒட்டப்போறார். பிள்ளையார் இல்லாமல் மனுசன் சாவியையே தொடமாட்டார்."

"நல்ல பக்திதான்."

சிவப்புக் கோட்டுக்காரி கைப்பையைத் திறந்து காட்டினாள். உள்ளே, கம்பளித் தொப்பியில் சுற்றியபடி, விரலளவு பிள்ளையார்.

"திங்கட்கிழமை திருப்பி வைச்சிடுவன்," என்றாள்.