மாமனார் தண்ணீர் குடிக்காத காரணம்

நெய்வேலியிலிருந்து வடலூர் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். இளையவள் சொன்னாள்: "எங்க மாமனாருக்கு மலச்சிக்கல் வந்ததே வெக்கத்தாலதான்க்கா."

"வெக்கத்தாலயா?"

"இடுப்பெலும்பு ஆபரேஷனுக்கு அப்புறம் நான்தான் அவரை பாத்ரூமுக்குப் புடிச்சிகினு போவேன். கீரை, கொய்யாப்பழம், ஊறவெச்ச திராட்சை எல்லாம் குடுத்துப் பாத்தேன். எதையும் சரியா சாப்புடல. தண்ணியும் குடிக்கல. ஒருநாள் கேட்டேன். 'அடிக்கடி உன்னைக் கூப்புடணுமேம்மா'ன்னாரு. வந்தாலும் அடக்கிகினு இருந்திருக்காரு."

"அடப்பாவமே. அப்புறம் என்ன பண்ணே?"

"கட்டில்லேர்ந்து பாத்ரூம் வரைக்கும் செவுத்துல கைப்புடி வெச்சோம். இப்ப அவரே மெதுவா போறாரு. காலைல வெந்நி குடிச்சிட்டு கொஞ்சம் நடக்குறாரு. கீரையும் சாப்புடுறாரு. மருந்தில்லாமலே சரியாயிடுச்சு."



"எங்கம்மாவும் தம்பி வூட்டுல தண்ணியே குடிக்கிறதில்ல. வயசானா புடிவாதம்னு இவ்வளவு நாளா நான் திட்டிகினு இருந்தேன்" என்றாள் மூத்தவள்.