மூக்கைப் பிடித்து ஊற்றிய பால்

எழுபதுகளின் கடைசியில் ஒரு நாள், மலைமேல் இருக்கும் ரிங்லெட்டிலிருந்து அடிவாரத்துத் தாப்பாவுக்கு இறங்கும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் இருவர். ஒருத்தியின் மடியில் மெலிந்த கைக்குழந்தை. மற்றவள், தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் கொட்டகை ஆயா. நான் தோட்ட ஆஸ்பத்திரியில் டாக்டருக்குப் பதிலாக மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர். அவர்கள் என்னைப் பார்க்கவில்லை.

"மூக்கைப் பிடிச்சுப் பால ஊத்தச் சொன்னாருக்கா டிரெஸ்ஸர். பிடிவாதமாம்."

"பிடிவாதக்காரப் புள்ள கெட்டிக் கஞ்சிய மட்டும் எப்படிடி சமத்தா முழுங்குது?" என்றாள் ஆயா. "பாலு, தண்ணின்னாதானே இருமுது?"

"ஆமாக்கா. குடிச்சதும் நெஞ்சுல கறகறங்குது. மறுநாளே காய்ச்சல்."

"பாலு வயித்துக்குப் போகாம நெஞ்சுக்குள்ள போவுதோ என்னமோ. இனிமே மூக்கப் புடிக்காத லா."

"வயித்துப் பூச்சிக்கு மருந்தும் குடுத்தாரு."

"கால் சுளுக்குன்னு போனாலும் அவரு அதத்தானே குடுப்பாரு!"

தாய் சிரித்தாள். பிறகு, "தாப்பா ஆஸ்பத்திரி பெரிய டாக்டர் நம்ம பேச்சக் கேப்பாராக்கா?" என்றாள்.

"டிரெஸ்ஸர் சொன்னத விடு. நீ பாத்தத சொல்லு."

அந்தக் குழந்தையை நான் மாதாமாதம் எடை போட்டிருக்கிறேன். அது பால் குடிப்பதை ஒருநாளும் பார்த்ததில்லை. நானும் கூடப் போய்ச் சொல்லியிருந்தால் டாக்டர் உடனே கேட்டிருப்பார். தாப்பாவில் அவர்கள் இறங்கும்வரை நாளிதழால் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.